வெயிலில் இடம் பிடித்த பாய்

மும்பையில் தண்ணீருக்காக வரிசையில் நின்றவர்கள் உண்டு. லோக்கல் டிரெயினில் மூன்று பேர் பெஞ்சில் நாலாவது சீட்டுக்காகச் சட்டையைக் கிழித்துக்கொண்டவர்கள் உண்டு. வெயில் கேட்டு வீடு வீடாக ஏறி இறங்கிய மனிதர் இந்த மாநகரத்தில் ஒருவர்தான், அவர் எங்கள் வெயில் பாய். இதை நான் எந்தக் கோர்ட்டிலும் சத்தியம் செய்து சொல்லத் தயார்.

அப்போது நான் தாராவியில், கிராஸ் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். கோட்டைப் பக்கம் ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸில் குமாஸ்தா வேலை. அந்தச் சந்தில் எதிரெதிரே இரண்டு பேர் வந்துவிட்டால் ஒருவர் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்துதான் வழிவிட வேண்டும். நுழைந்த வீட்டில் டீ கொடுத்து உட்காரவைத்துவிட்டால் அன்றைக்கு ஆபீஸுக்கு லேட். மாடிகள் இரண்டு பக்கமிருந்தும் சாய்ந்து வந்து தலையை முட்டிக்கொண்டு நிற்கும். மிச்சமிருந்த ஆகாயத்தைக் கேபிள் வயரும் நீல பிளாஸ்டிக் தாளும் அடைத்துவிட்டன. உச்சிப் பொழுதிலும் டியூப் லைட் போட்டுத்தான் அரிசியில் கல் பொறுக்குவார்கள். அப்படிப்பட்ட சந்துக்குள் உட்கார்ந்துகொண்டு ஒரு மனிதர், சூரிய வெளிச்சத்தில் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் கருவிக்கு டிசைன் போட்டுக்கொண்டிருந்தார். சந்து அவருக்குப் பெயர் வைக்காமல் இருக்குமா? வைத்தது. வாப்பா வைத்த பெயர் என்னவென்று அவர் வீட்டிலேயே யோசித்துத்தான் சொல்வார்கள்.

திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். குர்லாவில் மச்சானோடு சேர்ந்து இன்வெர்ட்டர், பேட்டரி ரிப்பேர் பார்க்கும் பட்டறை. காலையில் அங்கே போய்விட்டு, மதிய லுஹர் தொழுகை முடிந்ததும் திரும்பி வந்து தன் சொந்த ஆராய்ச்சியில் உட்காருவார். சட்டைப் பையில் எப்போதும் கரண்ட் அளக்கிற மல்ட்டிமீட்டர் ஒன்று இருக்கும். அதன் சிவப்பு வயரும் கறுப்பு வயரும் டாக்டர் குழாய் மாதிரி கழுத்தில் தொங்கும். யார் வீட்டுக்குள் வந்தாலும் முதலில் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி, அதன் பேட்டரியைக் குத்திப் பார்த்துவிட்டுத்தான் சலாம் சொல்வார். மேல்மாடிப் பெரியவரின் காது மெஷினைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. பெரியவருக்கு அன்று முழுக்க ஒன்றும் கேட்கவில்லை. நிம்மதியாக இருந்தது என்று மறுநாள் அவரே சொன்னார்.

சோலார் சார்ஜ் கன்ட்ரோலர் என்றால் என்னவென்று எனக்குப் புரியவைத்தது பாய்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு பாடம் எடுத்தார்.

"தம்பி, சூரியன் மாமியா வீடு மாதிரி. போடுதேன் போடுதேன்னு போட்டுக்கிட்டே இருக்கும். பேட்டரி புது மாப்பிள்ளை. போதும்னு சொல்லத் தெரியாது, தின்னுட்டு வயிறு வீங்கிக் கெடக்கும். நடுவுல ஒரு ஆளு நின்னு தட்டை மூடணும்லா? அந்த ஆளுதான் என் பொட்டி."

அதோடு முடியவில்லை. மாப்பிள்ளை பட்டினி கிடந்து சாகவும் விடக்கூடாதாம். பேட்டரியில் சார்ஜ் ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால், விளக்கோ ஃபேனோ எது ஓடிக்கொண்டிருந்தாலும் அந்தப் பெட்டியே நிறுத்திவிட வேண்டும். "போதும், போய்ப் படுன்னு சொல்லிரணும். அதுக்கும் கீழ எறக்கினா பேட்டரி செத்துரும்" என்றார். சாவு என்ற சொல்லைச் சொல்லும்போது அவர் குரல் நிஜமாகவே இறங்கியது.

இந்தக் கொள்கையைப் பேட்டரியோடு நிறுத்தியிருந்தால் யாருக்கும் புகார் இல்லை. ஒரு பெருநாளைக்கு என்னை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். பாயின் மனைவியை நான் மைனி என்றுதான் கூப்பிடுவேன்; மைனி கையால் ஆக்கிய பிரியாணி. தெருமுனை வரைக்கும் மணக்கிறது. இரண்டு கரண்டி விழுந்தது. மூன்றாவது கரண்டியோடு மைனி வருகிறார், பாய் என் தட்டின் மேல் கையை வைத்து, "தம்பி ஃபுல்" என்று சொல்லிவிட்டார். நான் ஃபுல் இல்லை. பாதிகூட ஆகவில்லை. மரியாதைக்கு "ஆமா மைனி, போதும்" என்று சொல்லித் தொலைத்தேன். அந்த மூன்றாவது கரண்டி இன்றுவரை எனக்கு வந்து சேரவில்லை.

சரி, சோலார் என்றால் வெயில் வேண்டுமே, அதற்கு எங்கே போவது? பாய் முதலில் மாடி மாடியாகக் கேட்டுப் பார்த்தார். "ஒங்க தகரத்து மேல வெயில் சும்மாத்தான விழுது, எனக்குக் கொஞ்சம் குடுங்க" என்று கேட்டால், கேட்கிறவர்கள் பாய்க்கு உடம்பு சரியில்லையோ என்று பார்த்தார்கள். கடைசியில் ஒரே ஒரு இடம் மிஞ்சியது. சந்து முடிகிற இடத்தில் பழைய கிணறு ஒன்றை மூடிப் போட்ட சிமென்ட் மேடை. காலை பத்து மணிவாக்கில் அதன் மேல் வெயில் இறங்கும், பிற்பகலில் போய்விடும். எங்கள் சந்துக்கு ஆண்டவன் ஒதுக்கிய வெயில் மொத்தமும் அவ்வளவுதான்.

ஆனால் அந்த மேடைக்கு ஏற்கெனவே ஒரு சட்டம் இருந்தது. அப்பளம் உருட்டுகிற பெண்கள் விடியற்காலையில் பிரம்புக் கூடையைக் கொண்டுவந்து கவிழ்த்து வைப்பார்கள். கவிழ்த்த கூடையின் முதுகில்தான் அப்பளம் காயும். எந்த இடத்தில் யார் கூடை கவிழ்ந்து கிடக்கிறதோ, அன்றைக்கு அந்த வெயில் அவர்களுக்கு. முனிசிபாலிட்டிக்காரன் வந்து வீட்டுப் படியை இடித்திருக்கிறான், தேர்தல் சமயத்தில் கட்சிக்காரர்கள் வந்து குழாயையே இடம் மாற்றியிருக்கிறார்கள். கவிழ்த்த கூடையை மட்டும் யாரும் தொட்டதில்லை.

அந்தச் சட்டத்தைக் காப்பாற்றி வந்தவர் பொன்னுத்தாய் அக்கா. நாற்பது வயதிருக்கும். வருஷக்கணக்காகக் கம்பெனிக்கு அப்பளம் உருட்டிக் கொடுத்து, எடைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கியவர். பாய் தன் சோலார் தகட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு மேடைக்கு வந்த அன்று, அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். பேச்சுவார்த்தை நடந்தது. மேடையின் ஓரத்தில், சாக்கடைப் பக்கமாக ஒரு மூலை பாய்க்கு ஒதுக்கப்பட்டது. தகட்டின் நிழல் அப்பளத்தின் மேல் விழக்கூடாது என்பது நிபந்தனை. சாக்பீஸால் கோடு போட்டார்கள். ஒரு மாதம் கழித்து நிழல் கோட்டைத் தாண்டியது. அக்கா சண்டைக்கு வந்தார். தான் அசையவில்லை, சூரியன்தான் நகர்ந்துவிட்டது என்று பாய் வாதாடினார். சூரியனைக் கூட்டிவந்து சாட்சி சொல்லச் சொல்லுங்கள் என்று அக்கா கேட்டதும் பாய் தகட்டைக் கோட்டுக்குள் இழுத்துக்கொண்டார்.

இதற்குள் கன்ட்ரோலர் ஒரு உருவத்துக்கு வந்துவிட்டது. டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு பெட்டி; பச்சை விளக்கு, சிவப்பு விளக்கு. அதோடு சேர்ந்து ஒரு பேட்டரி. பாய் குர்லாவில் பழசாக வாங்கி, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சார்ஜ் ஏற்றித் தேற்றி எடுத்தது. அதைப் 'புள்ள' என்றுதான் சொல்வார். "புள்ள இன்னிக்கு நல்லா ஏத்துக்கிட்டான்" என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு போவார். புதிதாகக் குடிவந்தவர்கள் பாய் வீட்டில் கைக்குழந்தை இருப்பதாக நினைத்துக் கிலுகிலுப்பை வாங்கி வந்திருக்கிறார்கள்.

அப்போதுதான் அந்த மர்மம் ஆரம்பித்தது. பளிச்சென்று வெயில் அடிக்கிற நாளில்கூட, உச்சிப் பொழுதில் தகட்டிலிருந்து வரும் கரண்ட் விழுந்துவிடுகிறது. பெட்டியில் பதிவான கணக்கு அப்படித்தான் காட்டியது. அந்த நேரத்தில் பாய் குர்லாவில் இருப்பார். திரும்பி வந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். காயிலைப் பிரித்துச் சுற்றினார். டயோடை மாற்றினார். காக்கா உட்காருகிறது என்றார். மெட்ரோ வேலை நடக்கிற தூசி என்றார். ஒரு கட்டத்தில் கண்ணேறு என்று சொல்லி, தகட்டின் நான்கு மூலையிலும் மைனியைக் கொண்டு ஓதி ஊதவும் வைத்தார். எதற்கும் அடங்கவில்லை. நான் ஒவ்வொரு ஞாயிறு சாயங்காலமும் வயரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, எதற்குப் பிடிக்கிறேன் என்று தெரியாமலே பிடித்தேன்.

கடைசியில் பாய் ஒரு முடிவுக்கு வந்தார். தகட்டில் அங்கங்கே நிழல் விழுந்தாலும் பெட்டி சோர்ந்துபோகாமல், கிடைக்கிற கொஞ்சநஞ்ச கரண்டையும் தேடிப் பிடித்து இழுக்கிற மாதிரி புது புரோகிராம் எழுதுவது. ஒரு குளிர்காலம் முழுக்க ராத்திரி ராத்திரியாக எழுதினார். தாடி வளர்ந்தது. பட்டறையில் தூங்கி வழிகிறார் என்று மச்சான் ஃபோனில் கத்தினார். பாய் எதையும் காதில் வாங்கவில்லை. முடித்தபோது வேலை அற்புதமாக நடந்தது. உச்சிப் பொழுதில் விழுந்த கரண்ட்டில் பெரும்பகுதி திரும்பி வந்துவிட்டது. சந்தோஷம் தாங்காமல் எனக்கு ஃபலூதா வாங்கிக் கொடுத்தார், பாதியில் நிறுத்தவும் சொல்லவில்லை.

அந்த சந்தோஷம் ஒரு சனிக்கிழமை வரைதான் இருந்தது. அன்றைக்குப் பட்டறைக்கு விடுமுறை. பாய் மேடைப் பக்கம் போனவர் சிலையாக நின்றுவிட்டார். நான் பின்னால் போய் எட்டிப் பார்த்தேன். சோலார் தகட்டின் மேல் வரிசை வரிசையாக, ஓரம் ஓரத்தைத் தொடாமல், அழகாக அப்பளம் காய்ந்துகொண்டிருந்தது. பொன்னுத்தாய் அக்கா ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்.

பாய் கோபம் வந்தால் கத்தமாட்டார், மரியாதை கூடிவிடும். எப்போதும் 'தங்கச்சி' என்று கூப்பிடுகிறவர் அன்று கூப்பிட்ட விதமே வேறு.

"ஏம்மா, என்னம்மா இது?"

"ஒங்க கண்ணாடி நல்லாச் சுடுது பாய்" என்றார் அக்கா, கையை நிறுத்தாமல். "கூடையில முழுப் பகல் ஆகும், இதுல ஒரு மணி நேரம். சும்மாத்தான கெடந்துச்சு?"

ஒரு குளிர்காலத்து உழைப்பு, தாடி, ஓதல் எல்லாம் அந்த 'சும்மா'வில் போனது. அப்புறம் அக்காவே விஷயத்தைச் சொன்னார். மாட்டுங்காவில் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிற பாலக்காட்டு மாமா ஒருவர், மே மாதக் கடைசியில் வருகிற ஒரு பெரிய கல்யாணத்துக்கு மொத்த அப்பளமும் அக்காவிடமே சொல்லியிருக்கிறார். கம்பெனிக்கு இல்லை, அக்காவின் சொந்தப் பெயரில். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. இது சரியாகப் போய்ச் சேர்ந்தால் அவர் எடுக்கிற கல்யாணத்துக்கெல்லாம் அக்காதான் அப்பளம். சொதப்பினால் மறுபடி கம்பெனிக் கூலிதான். அதற்காக இப்போதே உருட்டிப் பழகுகிறார், இருக்கிற வெயில் போதவில்லை.

பாய் மேடை ஓரத்தில் உட்கார்ந்தார். அப்பளம் எடுத்து முடிகிற வரைக்கும் காத்திருந்து, தகட்டைத் துடைத்துவிட்டுப் போனார். மறுநாள் தகட்டில் ஒரு அலாரம் வைத்தார். மேலே எதை வைத்தாலும் 'கீ கீ' என்று கத்தும். அக்கா அசரவில்லை. அந்தச் சத்தத்துக்குக் காக்கா ஒன்றுகூட மேடைப் பக்கம் வரவில்லை என்று கண்டுபிடித்து, பாய் வீட்டுக்கு ஒரு கட்டு அப்பளம் கொடுத்தனுப்பினார், நன்றிக் கடனாக. பாய் அதைத் தொடமாட்டேன் என்று சபதம் போட்டார். மைனி பொரித்து வைத்தார். ராத்திரி நான் போனபோது தட்டு காலியாக இருந்தது.

இப்படியே மே மாதம் வந்தது. கல்யாணத்துக்கு முந்தின நாள் மாட்டுங்காவிலிருந்து வேன் வரும் என்று ஏற்பாடு. வேனுக்கு முந்தின நாள், மேடை, தகரம், பாயின் தகடு என்று வெயில் படுகிற இடமெல்லாம் அப்பளம் காய்கிறது. சந்துப் பெண்கள் எல்லோரும் அக்காவுக்குக் கை கொடுத்தார்கள். உச்சிப் பொழுதுக்குச் சற்று முன்னால் வானம் கறுத்தது. ஜூனில் வர வேண்டிய மழை, யாரிடமும் கேட்காமல் முன்னாலேயே வந்து கொட்டியது.

எல்லோரும் ஓடிப்போய் அள்ளினோம். காலையிலேயே சிக்னல் கோளாறில் டிரெயின் நின்றுவிட்டதால் நான் தாதரிலிருந்து நடந்து அப்போதுதான் வந்திருந்தேன், என் கையிலும் ஒரு முறத்தைத் திணித்தார்கள். ஒரு அப்பளம்கூட மழையில் நனையவில்லை, ஆனால் எல்லாம் பாதிக் காய்ச்சல். அக்காவின் மாடி அறை முழுக்கக் கூடை, முறம், பழைய புடவை என்று பரப்பியாயிற்று. அந்தப் புழுக்கத்தில் அப்படியே கிடந்தால் சாயங்காலத்துக்குள் ஒன்றோடொன்று ஒட்டி, காலையில் பூசணம் பிடித்துவிடும். ஃபேனைப் போடலாம் என்றால் லைட் போய்விட்டது. சந்தில் தண்ணீர் ஏறினால் ஷாக் அடிக்கும் என்று மெயினையே நிறுத்திவிடுவார்கள், தண்ணீர் வடிந்த பிறகுதான் வரும். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அந்த அக்கா உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

படியில் திடும் திடும் என்று சத்தம் கேட்டது. பாய் புள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறி வருகிறார். பின்னாலேயே மைனி, கையில் கன்ட்ரோலர் பெட்டியும், குர்லாவில் உடைத்த பழைய கார்களிலிருந்து கழற்றிய சின்னச் சின்ன ஃபேன்களும். பாய் வயரை மாட்டினார். பச்சை விளக்கு எரிந்தது, ஃபேன்கள் ஓடின. அறையில் காற்று புகுந்து, கூடை மேலிருந்த அப்பளத்தின் ஓரங்கள் மெல்ல அசைந்தன. பெண்கள் திருப்பிப் போட ஆரம்பித்தார்கள்.

பிற்பகல் முழுக்க ஓடியது. பாதி அப்பளம் காய்ந்துவிட்டது. திடீரென்று 'டக்' என்று ஒரு சத்தம். சிவப்பு விளக்கு எரிந்தது, ஃபேன்கள் எல்லாம் நின்றன.

"பாத்தியளா, கரெக்டா கட் ஆயிட்டு" என்றார் பாய்.

முகம் முழுக்கச் சிரிப்பு. பாவம், அந்தப் பெட்டி முதல் தடவையாக நிஜ வேலையில் தன் கடமையைச் செய்திருக்கிறது, பெத்த மனசுக்குப் பெருமை வராதா. சுற்றிப் பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. மைனி தலையில் அடித்துக்கொண்டார்.

"இன்னும் ஈரம் போகலையே பாய்" என்றார் அக்கா.

பாய் விளக்கினார். புள்ள இதற்குக் கீழே இறங்கினால் தாங்கமாட்டான், நாளைக்கு வெயில் வந்தால் மறுபடி ஓடும் என்றார். வெளியே மழை கொட்டுகிறது, வேன் காலையில் வருகிறது. அக்கா அதற்கு மேல் கேட்கவில்லை. சரி பாய் என்று சொல்லிவிட்டு, ஒரு அட்டையை எடுத்துக் கூடைக்கு நேரே விசிற ஆரம்பித்தார். சண்டை போட்டிருந்தால்கூடப் பாய் தப்பித்திருப்பார். அக்கா விசிறிக்கொண்டே இருந்தார்.

பாய் அந்த அட்டையைப் பார்த்தார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டு வயரை எடுத்து, பல்லால் முனையைச் சீவினார். கன்ட்ரோலர் பெட்டியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஃபேன்களை நேரடியாக பேட்டரியில் முடிந்தார். ஃபேன்கள் மறுபடி சுற்றின. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்.

"போதும்னு அவன் சொல்லிட்டான் தம்பி. நான்தான் கேக்கல."

சாயங்காலம் வரைக்கும் ஓடியது, வர வரச் சுற்று குறைந்துகொண்டே போய். கடைசி ஃபேன் நின்றபோது கடைசிக் கூடையும் காய்ந்திருந்தது. காலையில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போயிற்று. அந்தக் கல்யாணத்தில் அப்பளம் நன்றாக இருந்ததென்று மாட்டுங்கா மாமாவே ஃபோன் செய்து சொன்னார், அடுத்த ஆர்டரும் கூடவே வந்தது.

புள்ள பிழைக்கவில்லை. குர்லாவுக்குத் தூக்கிப் போய் உடனே சார்ஜ் போட்டிருந்தால் தேறியிருப்பான், ஆனால் தண்டவாளத்தில் தண்ணீர், டிரெயின் ஓடவில்லை. போய்ச் சேர்ந்தபோது நாள்கள் ஓடிவிட்டன, அவன் ஒன்றும் வாங்கிக்கொள்ளவில்லை. செத்த பேட்டரிக்குப் பழைய சாமான் வாங்கும் பங்கார்வாலாவிடம் நல்ல விலை கிடைக்கும். பாய் கொடுக்கவில்லை. வீட்டு மூலையில் வைத்திருந்தார். உட்கார வசதியான உயரத்தில் இருந்ததால் நான் ஒருநாள் அதன் மேல் உட்காரப் போய், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மழைக்காலம் முடிந்து, மேடையில் மறுபடி வெயில் இறங்கிய முதல் நாள். பாய் புதிதாக வாங்கிய பேட்டரியும் பழைய தகடுமாக, வழக்கம்போல சாக்கடைப் பக்கத்து மூலைக்குப் போனார். நானும் தகட்டின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு போனேன். மேடையின் நட்ட நடுவில், வெயில் முதலில் வந்து கடைசியில் போகிற இடத்தில், ஒரு கூடை கவிழ்ந்து கிடந்தது. அதன் மேல் ஒரு அப்பளம்கூட இல்லை. புதிதாக அப்பளம் உருட்ட வந்த பெண் ஒருத்தி, காலியாகத்தானே கிடக்கிறது என்று அதை நகர்த்தப் போனாள். பொன்னுத்தாய் அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்.

"அதத் தொடாத. அது பாயோட எடம்."

பாய் கழுத்தில் தொங்கிய வயரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டார். பிறகு, "தங்கச்சி, இதுல பாதி தகடு ஒனக்கு. நெழலு விழுந்தாலும் என் பொட்டி சமாளிக்கும்" என்றார்.

அப்பளத்தால் பிறந்த அந்த நிழல் புரோகிராம்தான் இன்று குர்லா பட்டறையில் விற்கிறது. பால்கனியில் தகடு மாட்டி, அதற்கு முன்னால் துணியும் காயப்போடுகிறவர்கள் நிறைந்த ஊருக்கு அதைவிடப் பொருத்தமான பெட்டி கிடையாது. நான் இப்போது செம்பூர் பக்கம், திலக் நகரில் குடியிருக்கிறேன். தெற்குப் பார்த்த பால்கனி, காலை முதல் வெயில். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாய் புதுப் பெட்டியோடு வந்து, கடிகார பேட்டரியைக் குத்திப் பார்த்துவிட்டு, பால்கனியில் உட்காருவார். என் மனைவி தோசை வார்த்துக்கொண்டே இருப்பாள். அவர் தன் கொள்கைப்படி தட்டின் மேல் கையை வைக்கப் பார்ப்பார், நான் அவர் கையைப் பிடித்துக்கொள்வேன்.

பால்கனியில் வெயில் விழுகிற நடு இடத்தில் ஒரு பிரம்புக் கூடையைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். போன வாரம் பக்கத்து வீட்டு அம்மாள், காலியாகத்தானே கிடக்கிறது, மிளகாய் காயப்போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டார். வேறு எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், அது பாயோட எடம் என்றேன்.